பதில் சொல்ல ஆளில்லாத பணம்

இணையத்தில் ஒரு சேவையை விலைக்கு வாங்கப் போகிறவர் கடைசியில் வந்து நிற்பது பணம் கட்டும் பக்கத்தில். கார்டு, வங்கிக் கணக்கு, சில இடங்களில் யுபிஐ என்று அங்கே வழிகள் வரிசையாக இருக்கும். கொஞ்ச காலமாக அவற்றுக்குக் கீழே இன்னொரு பெட்டியும் முளைத்திருக்கிறது. பிட்காயின் போன்ற கிரிப்டோவில் கட்டலாம், கட்டினால் தள்ளுபடியும் உண்டு என்கிறது அது. டொமைன் பெயர் விற்பவர்கள், இணையதளத்துக்கு சர்வரில் இடம் வாடகைக்கு விடுபவர்கள், விபிஎன் நடத்துபவர்கள் எனப் பலரும் இதைச் செய்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், கிரிப்டோ தவிர வேறெதுவும் வாங்குவதில்லை என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல்–தேனி சாலையும் மதுரை–பழனி சாலையும் சந்திக்கும் செம்பட்டி போன்ற சிற்றூருக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். கடைகளுக்கு இணையதளம் கட்டித் தருபவர், கல்யாண வீடியோவை எடிட் செய்பவர், சின்னாளபட்டிச் சுங்குடியை இன்ஸ்டாகிராமில் விற்பவர், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே டிசைன் போட்டுக் கொடுப்பவர் என்று இன்று எந்தச் சிற்றூரிலும் ஆட்கள் உண்டு. இவர்களுக்கெல்லாம் மாதாமாதம் ஐந்து டாலரோ பத்து டாலரோ கடல் கடந்து கட்டவேண்டிய பாக்கி ஒன்று இருக்கும். அதை ரூபாயில் கட்டாமல் கிரிப்டோவில் கட்டுவது சரியா என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

சரியல்ல என்பதே நம் தீர்ப்பு. இதைச் சட்டவிரோதம் என்று நாம் சொல்லவில்லை. கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்று 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு அது. வங்கிகளுக்கு நேர்ந்த கேடு எதையும் ரிசர்வ் வங்கி எடுத்துக்காட்டவில்லை, அப்படியிருக்க இவ்வளவு கடுமை தகாது என்றது நீதிமன்றம். ஆகவே வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமல்ல. ஆனால் குற்றமல்லாத எல்லாமே நியாயமாகிவிடாது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2012 நவம்பரில் வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸ்.காம் தன் கட்டணச் சேவைகளுக்குப் பிட்காயின் வாங்க ஆரம்பித்தது. பேபால் மட்டுமே 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது, ஹைட்டியிலோ எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ இருக்கும் ஒருவர் தன் எழுத்தை வெளியிட அவர் வாழும் நாடு குறுக்கே நிற்கக்கூடாது என்பது அந்த நிறுவனம் சொன்ன காரணம். அதற்கும் முன்னால், 2010 டிசம்பரில், விசாவும் மாஸ்டர்கார்டும் பேபாலும் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்கு நன்கொடை போகும் வழிகளை அடைத்தன. எந்த நீதிமன்றமும் அப்படி உத்தரவிட்டிருக்கவில்லை. மறு ஆண்டு விக்கிலீக்ஸ் பிட்காயினில் நன்கொடை வாங்கத் தொடங்கியது. மூன்று நான்கு கம்பெனிகள் கூடிக்கொண்டு ஒருவருக்கு வரும் காசையே நிறுத்திவிட முடியும் என்றால், அவர்கள் கை எட்டாத ஒரு பணம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். வெளிநாட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அதற்கான கூலியைப் பேபால் வழியே வாங்க வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் தவித்த இலங்கை இளைஞர்களிடம் போய் வங்கி முறையின் பெருமையைப் பேச முடியுமா?

நம் ஊர்க் கதையும் அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டில் மட்டும், அதுவும் ஏடிஎம்மிலும் கடை எந்திரத்திலும் மட்டும் வேலை செய்தால் போதும், மற்றதை வாடிக்கையாளரே கேட்டுத் திறந்துகொள்ளட்டும் என்று 2020இல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. 2021 அக்டோபர் 1 முதல், மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களுக்குப் புதிய கட்டுப்பாடு வந்தது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு கழிவுக்கும் தனி ஒப்புதல் வேண்டும் என்றார்கள். 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ஆனது. திருட்டைத் தடுக்கப் போட்ட விதிகள் இவை, நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டுச் சந்தாக்கள் பல அப்போது அறுந்தன. கார்டில் பணம் இருந்தும் போகவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டால், இதை எங்கே திறப்பது என்று அங்கிருப்பவருக்கே தெரியாத நிலை. வாடிக்கையாளரின் இணையதளம் முடங்கிக் கிடக்கும்போது, 'கிரிப்டோவில் கட்டிருங்கண்ணே, பத்து நிமிசத்துல வேலை முடிஞ்சிரும்' என்று ஒருவர் வழி காட்டினால் மனம் சாயாமல் என்ன செய்யும்?

எனவே, அவசரத்துக்கு ஒருமுறை அப்படிக் கட்டிய இளைஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனமில்லை. ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்வதையும், அதுதான் வருங்காலம் என்று நாலு பேருக்குப் பாடம் எடுப்பதையும் ஏற்க முடியாது.

கிரிப்டோவை வாங்கிப் பார்த்த பெரிய நிறுவனங்களே என்ன செய்தன? வேர்ட்பிரஸ்.காம், பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று கண்டு 2015இல் நிறுத்தியது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் 2016 ஏப்ரலில் பிட்காயினை ஏற்று, 2017 டிசம்பரில் கைவிட்டது. தொடங்கியபோது ஒரு பரிமாற்றத்துக்கு 20 சென்ட் அளவில் இருந்த கட்டணம் 20 டாலரை நெருங்கிவிட்டது என்பது அது சொன்ன கணக்கு. பத்து டாலர் விளையாட்டுக்கு இருபது டாலர் அனுப்புகூலி! பணம் வந்து சேர்வதற்குள் விலை மாறிவிடுவதால், வாங்கியவரிடம் மீதியைக் கேட்பதா, கூடுதலைத் திருப்பித் தருவதா என்ற குழப்பம் வேறு. இணையக் கட்டணங்களைக் கையாளும் ஸ்ட்ரைப் 2018 ஏப்ரலோடு பிட்காயினைக் கைகழுவியது. இவர்களில் யாரும் பழைமைவாதிகள் அல்லர், புதுமையை விற்றே பிழைப்பவர்கள்.

விலை ஏறி இறங்குவது நமக்கொன்றும் புதிதல்ல என்று செம்பட்டிக்காரர்கள் சொல்லக்கூடும். பக்கத்து நிலக்கோட்டைப் பூச்சந்தையில் பொங்கலுக்கு முன்தினம் ஆயிரங்களைத் தொடும் மல்லிகை, முகூர்த்தம் இல்லாத நாளில் சில நூறுகளுக்கு இறங்கிக் கிடக்கும். உண்மைதான். ஆனால் அங்கே ஏறி இறங்குவது பூவின் விலை. அந்த விலையைச் சொல்லும் ரூபாய் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருப்பதில்லை. மண்டிக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் உள்ள தொகை, அடுத்த வாரம் வாங்கப் போனாலும் அதே தொகைதான். அளக்கும் படியே தினமும் பெருத்தும் சிறுத்தும் போனால் எந்த வியாபாரி கடை திறப்பார்?

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'ஸ்டேபிள்காயின்'. டாலரோடு கட்டிவைத்த டோக்கன் என்பதால் விலை ஆடாது என்கிறார்கள். அவற்றில் பெரியது டெதர் நிறுவனத்தின் யூஎஸ்டிடி. இன்று இணையச் சேவைகளுக்குக் கிரிப்டோவில் கட்டுகிறவர்கள் பலர் கட்டுவது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஈடாக ஒரு டாலர் உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வியில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணை நடத்தினார். 2021 பிப்ரவரியில் டெதரும் அதன் கூட்டு நிறுவனமும் 1.85 கோடி டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டன. அரசையும் வங்கியையும் நம்ப வேண்டாம் என்று புறப்பட்ட பயணம், ஒரு தனியார் கம்பெனியின் வாய்ச்சொல்லில் வந்து நிற்கிறது.

ஏற்ற இறக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நமக்குப் பெரிதாகப் படுவது வேறு. கொடுத்த காசுக்குச் சேவை வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கார்டில் கட்டியவர் வங்கியிடம் முறையிட்டு அந்தக் கழிவை எதிர்க்கலாம். வங்கி கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் இடையில் எங்கோ நடந்த மோசடியில் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு பைசாகூட நட்டமில்லை என்று 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்த சலுகைகள் அல்ல. ஏமாந்தவர்கள் வருடக்கணக்காக முட்டிமோதிப் பெற்றவை. கிரிப்டோவில் கட்டுகிறவர் இத்தனையையும் ஒரே சொடுக்கில் கைவிடுகிறார். வேறொருவர் முகவரிக்கு மாற்றி அனுப்பினாலோ, டிரான் என்னும் பிளாக்செயின் வலையமைப்பில் அனுப்பவேண்டியதைப் பெறுபவர் ஏற்காத வேறொன்றில் அனுப்பிவிட்டாலோ போனது போனதுதான். அதைத் திருப்பித் தர எந்த மேலாளரும் இல்லை. அப்படி ஒருவர் இல்லாததைத்தான் அதன் சிறப்பு என்று விற்கிறார்கள்.

இதற்கு நடந்த சான்றே இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய், களவுபோனது. வாடிக்கையாளர்கள் அங்கே வைத்திருந்ததில் ஏறக்குறைய பாதி. களவாடியது வடகொரியாவின் ஆட்கள் என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டாகக் கூறின. களவு போகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தன. நட்டத்தை எல்லோர் தலையிலும் பங்கு போடுவது சிங்கப்பூர் நீதிமன்றம் வழியாக நிறுவனம் எடுத்த வழி. அதை எதிர்த்து வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவருக்குப் பாதுகாப்பளித்து, கிரிப்டோ என்பது ஒரு சொத்து, ஒருவர் அனுபவிக்கவும் மற்றொருவர் அவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்று தீர்ப்பளித்தார். அது பணம் அல்ல என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஏமாந்தவருக்குக் கடைசியில் கைகொடுத்தது பிளாக்செயின் இல்லை, பாரிமுனையில் இருக்கும் பழைய நீதிமன்றம்.

சொத்து என்று ஆனபின் வரி அதன்படியே வரும். 2022 பட்ஜெட்டிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, கைமாறும்போது 1 விழுக்காடு பிடித்தம். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. சர்வர் வாடகைக்காக டோக்கனைக் கொடுப்பதும் சொத்தைக் கைமாற்றுவதுதான். மாதம் பத்து டாலர் கட்டும் ஒருவர் வருடத்தில் பன்னிரண்டு முறை சொத்து விற்றவராகிறார், வருமான வரிப் படிவத்தில் அதற்கென்று உள்ள அட்டவணையை நிரப்பவேண்டியவராகிறார். எத்தனை பேர் நிரப்புகிறார்கள்? வெளிநாட்டு இணையச் சேவைக்கு நாம் கட்டவேண்டிய 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் இந்த வழியில் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறது. தள்ளுபடி என்று காட்டப்படுவதில் ஒரு பங்கு, ஊருக்குச் சேரவேண்டிய வரிதான்.

இதுவரை சொன்னது வாங்குகிறவர் தனக்குத்தானே செய்துகொள்ளும் கேடு. அதோடு நின்றிருந்தால், அவர் காசு அவர் பாடு என்று விட்டிருப்போம். ஆனால் அந்த யூஎஸ்டிடி எங்கிருந்து வருகிறது?

சிற்றூர்களில் அது பெரும்பாலும் 'பி2பி' என்னும் வழியில் வருகிறது. முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாயை அனுப்பினால் அவர் டோக்கனை விடுவிப்பார். டெலிகிராமில் இதற்கென்றே தரகர்கள் உண்டு. அதே தரகரிடம் வேறொரு கூட்டமும் வாங்க வருகிறது. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டியும், பகுதிநேர வேலை என்று ஆசைகாட்டியும், பங்குச்சந்தைக் குழு என்று நம்பவைத்தும் ஓய்வூதியக்காரர்களிடம் பறித்த ரூபாயை நாடு கடத்த அவர்களுக்கு யூஎஸ்டிடி வேண்டும். பறித்த பணம் முதலில் வாடகைக் கணக்குகளில் விழுகிறது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்த கல்லூரிப் பையன்களின் கணக்குகள் அவை. அங்கிருந்து டோக்கன் விற்பவரின் கணக்குக்குப் போகிறது, டோக்கன் கடல் தாண்டுகிறது. பறிகொடுத்தவர் எங்கோ வேறு மாநிலத்தில் புகார் கொடுக்க, பணம் போன கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படுகின்றன. வெளிநாட்டு வேலைக்குக் கூலியாக யூஎஸ்டிடி வாங்கி, அதை நேர்மையாக ரூபாயாக்கியவரின் கணக்கும் இதில் சிக்குகிறது. தான் திருடவில்லை என்று பார்த்தறியாத ஊரின் காவல் நிலையத்துக்கு அவர்தான் எழுதிப்போட வேண்டும்.

சர்வர் வாடகைக்கு டோக்கன் வாங்கும் நாமும், கொள்ளைப் பணத்தைக் கடத்த டோக்கன் வாங்கும் அவனும் ஒரே தரகர் வாசலில் நிற்கிறோம். அந்தத் தரகருக்குக் கடை நடக்க இருவரும் வேண்டும். நல்ல வாடிக்கையாளர்களின் கூட்டம் இருப்பதால்தான் கெட்ட வாடிக்கையாளர் அதில் மறைய முடிகிறது. நம் பத்து டாலர் அந்த மறைப்புக்கு நாம் கொடுக்கும் பங்கு.

அந்தப் பணம் போய்ச்சேரும் இடமும் நமக்குத் தெரியாததல்ல. வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை தொடர்ந்தது. அடித்து உதைத்து அவர்களைச் செய்யவைத்த வேலை, நம்மவர்கள் உட்படப் பிறரை ஏமாற்றுவது. கம்போடியாவில் இப்படிப்பட்ட முகாம்களை நடத்தியதாகப் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஜீ மீது அமெரிக்க அரசு 2025 அக்டோபரில் குற்றச்சாட்டு சுமத்தியபோது, பறிமுதலுக்குக் கேட்ட பிட்காயின்கள் 1,27,271. அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர். ரொக்கத்திலும் கறுப்புப் பணம் ஓடவில்லையா என்று உடனே ஒருவர் கேட்பார். ஓடுகிறது. ஆனால் 1,500 கோடி டாலர் ரொக்கத்தைக் கம்போடியாவுக்கு லாரி பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

சூதாட்டத் தளங்களும் இந்த வழிக்கே வந்து சேர்கின்றன. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அவற்றுக்கு வங்கிகள் பணம் கடத்தித் தரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. வெளிநாட்டுத் தளங்களுக்கு மிச்சமிருக்கும் வாசல் கிரிப்டோ.

ஆகவே பழியைப் பங்கிடும்போது எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்க முடியாது. அரசு ஒடுக்குமுறைக்கு அஞ்சி அடையாளம் மறைத்து எழுதும் ஒருவர், வங்கிகள் எல்லாம் கைவிட்ட நாட்டில் வாழும் ஒருவர் கிரிப்டோவில் கட்டுவதில் நாம் குறை காணமாட்டோம். பிட்காயின் பேரேடு உலகமே பார்க்கத் திறந்து கிடப்பது என்பதையும், ஆதாரும் பானும் கொடுத்து வாங்கிய நாணயத்தில் மறைவு ஏதும் இல்லை என்பதையும் அவர் தெரிந்துகொண்டால் சரி. தள்ளுபடிக்காகவும் வரியைத் தவிர்க்கவும் அதில் இறங்குகிறவர் தவறு செய்கிறார். அவரைவிடப் பெரிய தவறு, சாதாரண வாடிக்கையாளரிடம் கிரிப்டோ மட்டுமே வாங்குவேன் என்னும் விற்பனையாளருடையது. சேவை சரியில்லை என்றால் திருப்பித் தரமாட்டேன் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். தரகருக்கும் கணக்கை வாடகைக்கு விடுபவருக்கும் மன்னிப்பே இல்லை.

ரிசர்வ் வங்கியும் வங்கிகளும் இந்தப் பங்கீட்டிலிருந்து தப்பிவிட முடியாது. 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களைச் செய்துகாட்டிய யுபிஐ நம்மிடம் இருக்கிறது. செம்பட்டி டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீக்கு ஓடும் வழி, ஐந்து டாலர் டொமைனுக்கு மட்டும் ஏன் அடைபட்டுக் கிடக்க வேண்டும்? முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அதே ஆகஸ்டில் ஓபன்ஏஐ தன் சாட்ஜிபிடியின் ஒரு சந்தாவை 399 ரூபாய்க்கு, யுபிஐயில் கட்டும்படி இந்தியாவில் கொண்டுவந்தது. பெரிய நிறுவனம் தன் பலத்தில் செய்துகொண்டதைச் சிறிய சேவைகளுக்கும் பொதுவழியாகத் திறந்துவிடுவது நம் அமைப்புகளின் கடமை. 30 விழுக்காடு வரியை வாங்கிக்கொண்டு, இதைக் கொண்டு வெளிநாட்டுச் சேவை வாங்கலாமா கூடாதா என்று மட்டும் தெளிவாகச் சொல்லாமல் இருப்பது மத்திய அரசுக்கு அழகல்ல. தெளிவான சட்டத்தை இனியும் தள்ளிப்போடக்கூடாது.

அதுவரை நம் இளைஞர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். வங்கிச் செயலியில் வெளிநாட்டு, இணையப் பரிமாற்றத்தைத் திறந்து, சிறிய வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். கார்டோ யுபிஐயோ வாங்கும் விற்பனையாளரைத் தேடுங்கள், ஒரு டாலர் கூடுதலானாலும் அவரிடமே வாங்குங்கள். கிரிப்டோ மட்டும் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கணக்கில் யாருடைய பணத்தையும் வாங்கி அனுப்பாதீர்கள், சொந்தச் சித்தப்பா மகன் கேட்டாலும்தான். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930க்கு உடனே அழையுங்கள். ரூபாயாக வங்கியில் இருக்கும் வரைதான் அதை நிறுத்திவைக்க முடியும். யூஎஸ்டிடியாக மாறிக் கைமாறிய பிறகு எந்த வங்கிக்கும் அதன்மேல் அதிகாரம் இல்லை.